எறப்புத் தண்ணி

பிரமாணத்தில் அதிரு இப்படிக் கிடக்கிறது:
"கிழக்கு, அருமநாயகம் வகைப் புரையின்
எறப்புத் தண்ணி வீழும் இடம் வரை."
கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு, கும்ப மாதம்.
அடி இல்லை, லிங்க்ஸ் இல்லை, நட்ட கல்லும் இல்லை.
ஓலை நுனியில் தொங்கிய தண்ணீர்தான்
அன்றைக்கு சர்வேயர்.

இரணியல் கோர்ட் என்னைக் கமிஷனராக்கி
ஒரு டேப்பும் ஒரு ஃபைலுமாக
வெள்ளிச்சந்தைக்கு அனுப்பியது.
போய் நின்றால் ஓலை இல்லை, புரையும் இல்லை.
பிஸ்தாப் பச்சையில் கான்கிரீட் வீடு.
மொட்டைமாடித் தண்ணீர் பிவிசி குழாயில் இறங்கி
ரோட்டோர ஓடைக்குப் போகிறது,
யார் பறம்பையும் தொடாமல்.

வாதி தாசையன் சொன்னார்,
ஒவ்வொரு சொல்லாக, ஆணி இறக்குவதுபோல:
"முகட்டு வளை. அதிலேருந்து கழுக்கோல்.
கழுக்கோலுக்கு மேல வரிச்சல்.
வரிச்சலுக்கு மேல பனையோலை, மூணு அடுக்கு,
பனநாரு வச்சுக் கெட்டு.
பனையோலை விறைப்பாக்கும் வக்கீலம்மா,
ரெண்டு சாண் வெளிய நிக்கும்.
ரெண்டு சாண், எழுதுங்கோ."

எழுதினேன்.

பிரதிவாதி ஏசுவடியாள் வேலிக்கு அந்தப் பக்கம்
மரச்சீனிக் கம்பு நறுக்கிக்கொண்டிருந்தவள்
தலை நிமிராமலே:
"கழுக்கோலுன்னா எழுதுதியோ? வெட்டுங்கோ.
கழுக்கோலு இழைச்ச மரம், பணம் உள்ளவனுக்கு.
இவனுக்க தாத்தனுக்கு மூங்கிலு.
மேல கெடந்ததும் வைக்கோலு.
வைக்கோலு மேஞ்சா அடிவரிசைய
அரிவாளால நறுக்கி விடணும்,
இல்லேன்னா மாடு வந்து இழுக்கும்.
நறுக்கினா எம்பிடு நிக்கும்? அரைச் சாண்."

இவர் பனையோலை என்றார், அவள் வைக்கோல் என்றாள்.
இவர் பனநார், அவள் தும்புக் கயிறு.
சாட்சி சொல்ல அந்தக் கூரையிடம்
ஓர் ஈர்க்கில்கூட மிச்சமில்லை.
ஆனாலும் என் தலைக்குமேல்
இரண்டு கூரைகள் ஏறி நின்றன.
வெயில் மட்டும் ஒன்றுதான்.

சும்மா கேட்டேன்:
எத்தனை வருசத்துக்கு ஒருக்க மேய்வீர்கள்?

வழக்கு தொடங்கிய பதினோரு வருடத்தில்
முதல்முறையாக இருவரும் சேர்ந்து சொன்னார்கள்:
மேய்ந்த வருசம் எறப்பு நீளும்.
அடுத்த மழைக்கு நுனி கறுக்கும்.
பிறகு மக்கி உதிர்ந்து, சுவரைப் பார்த்து
ஒவ்வொரு விரலாக உள்ளே வாங்கும்.

அப்போ அதிரு?

"அதும்கூட வரும்" என்றாள் ஏசுவடியாள்.
"திரும்ப மேஞ்சா திரும்பப் போவும்" என்றார் தாசையன்.
இடவப்பாதியில் கச்சான் அடித்தால்
சொட்டு திரும்பிச் சுவரை நனைக்கும்;
துலாமழை கீழ்க்காற்றோடு இறங்கினால்
அவள் கோழிக்கூடு வரைக்கும் தெறிக்கும்.
இதையும் இருவருமே சொன்னார்கள்.
யார் எதைச் சொன்னார் என்று
என் குறிப்பில் இல்லை.

செப்டிக் டாங்குக்குப் பின்னால்
சிமென்ட் படாமல் ஒரு துண்டு மண்.
மண்வெட்டி வாங்கி ஒன்றரை அடி தோண்டினேன்.
செம்மண், செம்மண், பிறகு சட்டென்று
கழுவி வைத்ததுபோல் வெளுத்த பருமணல்,
பொடிக்கற்கள்.
சொட்டிச் சொட்டி மண்ணைக் கரைத்து
தண்ணீர் விட்டுப்போனவை.
வரியாக இல்லை, பட்டையாக.
டேப் வைத்தேன்: ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட.

வழக்குச் சொத்தின் அகலம் என்னவென்று
ஃபைலைப் புரட்டிப் பார்த்தேன்.
ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட.

மூவரும் குழிக்குள் பார்த்துக்கொண்டு நின்றோம்.
தாசையன் ஒரு கல்லை எடுத்து
வேட்டியில் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தார்.
ஏசுவடியாள் உள்ளே போய்விட்டாள்.

அறிக்கையில் முதலில் "இறவாணம்" என்று எழுதி
அடித்துவிட்டு "எறப்பு" என்று மாற்றினேன்.
வரைபடத்தில் எல்லை வரும் இடத்தில்
பென்சிலால் புள்ளிகள் வைத்தேன்,
நெருக்கமாகவும் விலகலாகவும், ஒரு முழ அகலத்துக்கு.

மூன்றாம் வாரம் தலைமை எழுத்தர் திருப்பி அனுப்பினார்.
ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு:

புள்ளிகளை இணைக்கவும்.